சுழியம் எண் பெட்டி

பெட்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
படகுப் பதிவேட்டில் அந்த ஒரு கட்டத்தை மட்டும்
ரஸ்ட்டில் ஆப்ஷன் என்று எழுதியிருந்தேன்.
இருந்தால் சம், உள்ளே ஓர் எண்.
இல்லாவிட்டால் நன்.

எண்ணைக் கொடுத்துச் செய்மதியைக் கேட்க வேண்டும்,
இந்தப் பெட்டி இப்போது எந்தக் கடலில் என்று.
பதில் உடனே வராது.
கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்,
வரும்போது வரும்.
அதற்குத்தான் அவெய்ட்.

மேப் போட்டுப் பார்த்தேன்.
கம்பைலர் சிவப்பில் சொன்னது:
இதற்காகக் காத்திருக்க முடியாது.
இது காத்திருப்பே அல்ல,
உள்ளே ஒரு காத்திருப்பு
இருந்தாலும் இருக்கலாம் என்கிற உறை.

இரவு பதினொன்றரை. உட்துறைமுக வீதியில்
வாடை மழைக்கு நனைந்த மூன்று மான்கள்
பூட்டிய கடைவாசலில்
அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்தன.
அக்கரையில் மா ஆலை விளக்குகள்.
எனக்குத் தூக்கம்.
பெட்டி இல்லாத படகுகளுக்கெல்லாம்
சுழியம் என்று ஓர் எண்ணைக் கொடுத்தேன்.
சிவப்பு மறைந்தது. படுத்துவிட்டேன்.

சுழியம் எண் பெட்டி உலகத்தில் இல்லை.
ஆனாலும் என் நிரல் அதைக் கேட்டது,
பணிவாக, பதில் வரும் என்று.
இல்லாத ஒன்று
தான் இல்லை என்று எப்படிச் சொல்லும்?

நாலாம் நாள் விடிய
கொட்பே துறைமுகத்திலிருந்து மஸாஹிராவின் போன்:
"அக்கா, சந்தியோகு அண்ணன்ட படகு
ரெண்டு நாள் பிந்திப் போச்சு.
எமில்டா நேற்றுப் பின்னேரத்திலயிருந்து
இந்தத் திரைக்கு முன்னாலயே இருக்கிறா.
வட்டம் சுத்துது.
சுத்துறதெண்டால் தேடுது எண்டுதானே அர்த்தம்?"

சந்தியோகுவின் படகில் பெட்டி இல்லை.
உப்பு குடித்துப் பழுதாகி, கார்த்திகையில் கழற்றிக்
கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள்.
அந்த வட்டம் யாரையும் தேடவில்லை.
என் தூக்கம்தான்
அங்கே சுற்றிக்கொண்டிருந்தது.

மேட்ச் எழுதினேன். இரண்டே கிளை.
சம் என்றால் எண்ணை வெளியே எடு,
கேள், காத்திரு,
வந்ததைத் திரும்ப உறையில் போடு.
நன் என்றால் நன்.
கேட்காதே. ஒரு நொடியும் காத்திருக்காதே.

கேட்டும் பதில் வராதது ஓர் இல்லை.
கேட்கவே வழியில்லாதது இன்னோர் இல்லை.
இரண்டையும் ஒன்றாய்த் தட்டிச் சப்பையாக்க
ஒரு சொல் வசதி அங்கேயே உண்டு.
தொடவில்லை.

நன் என்று தமிழில் எழுதிப் பார்த்தால்
நன்னீரின் முன்பாதி.
இத்தனை வருடம் தட்டச்சியும்
கண்ணில் படவில்லை.

ஏற்றினேன். வட்டம் நின்றது.
"பெட்டி இல்லை" என்று மஸாஹிரா வாசித்தாள்.
போனுக்குள் கதிரை பின்னே தள்ளப்படும் சத்தம்.
"இதை நேற்றே சொல்லியிருக்கலாம்தானே"
என்றா எமில்டா, கத்தாமல்,
பஸ் போய்விட்டதைச் சொல்கிற மாதிரி.

பிறகு வயர்லெஸ் இரைச்சல்.
மைக்கைத் தானே வாங்கிவிட்டா.
கடலில் நிற்கும் படகுகளை
ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டா.
எங்கட படகைக் கண்டனீங்களோ?
காணேல்ல.
அடுத்தது.
காணேல்ல, மாதா காப்பாத்துவா.
அடுத்தது.
ஒவ்வோர் இல்லையும் சுறுக்கென்று வந்தது,
ஒவ்வொன்றுக்கும் ஒரு படகு தள்ளிப் போனா.
அழ நேரம் இருக்கவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ,
சிங்களம் கலந்த ஒரு குரல்:
"பொறுங்க அக்கா,
தெற்கால ஒரு வெளிச்சம் தெரியுது,
கிட்டப் போய்ப் பாத்துச் சொல்றன்."

எமில்டா பொறுத்தா.
இரைச்சல் மட்டும் ஓடியது.
போனை மஸாஹிராவும் வைக்கவில்லை,
நானும் வைக்கவில்லை.